வெளித் தரப்பினருடன் கூட்டுறவு: நிறுவனங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சப்ளையர், வட்டார மக்கள், தொண்டு நிறுவனம், அரசுத் துறை, சில வேளைகளில் போட்டியாளர் ஆகியோருடன் சேர்ந்து வேலை செய்ய நினைக்கும் நிறுவனங்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. வேண்டிய கேள்விக்கு நேராகப் போய்விடலாம். அரசு அனுமதி பற்றிய கேள்வியையும் பிரிவது பற்றிய கேள்வியையும் மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

வெளித் தரப்பினர் என்று யார் யாரைச் சொல்கிறீர்கள்?

நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாமல், அதன் முடிவுகளால் நன்மையோ தீமையோ அடைகிற எல்லாரும். சப்ளையர், விநியோகஸ்தர், வாடிக்கையாளர், கடன் கொடுத்த வங்கி, ஒழுங்குமுறை ஆணையம், உள்ளாட்சி, தொழிற்சங்கக் கூட்டமைப்பு, பல்கலைக்கழகம், தொண்டு நிறுவனம், ஊடகம், ஆலைக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவர். போட்டி நிறுவனமும் இதில் அடக்கம்.

இவர்கள் எல்லாரும் கூட்டாளிகளாக வேண்டியதில்லை. பெரும்பாலோருக்குச் சரியான தகவலை உரிய நேரத்தில் சொன்னாலே போதும். சிலரிடம் கருத்துக் கேட்க வேண்டும். மிகச் சிலரோடுதான் சேர்ந்து வேலை செய்ய வேண்டியிருக்கும். யார் எந்த வகை என்று தெரியாவிட்டால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: அவர்கள் "வேண்டாம்" என்று சொன்னால் உங்கள் முடிவு மாறுமா? மாறவே மாறாது என்றால் நீங்கள் செய்வது அறிவிப்பு. மாறக்கூடும் என்றால் கலந்தாலோசனை. அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் முடிவே கிடையாது என்றால்தான் கூட்டுறவு. அறிவிப்புக்குக் கூட்டுறவு என்று பெயர் சூட்டி மேடை போடுவதால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன.

முதலீட்டாளர்களுக்கு லாபம் ஈட்டித் தருவதுதானே நிறுவனத்தின் வேலை? மற்றவர்களுக்காக ஏன் மெனக்கெட வேண்டும்?

இந்த வாதத்துக்குப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1970இல் எழுதிய கட்டுரையை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். வாடிக்கையாளர், சப்ளையர், ஊழியர், சமூகம் ஆகியோரின் நலனைச் சேர்த்துப் பார்க்காமல் தொழிலை நடத்த முடியாது என்று 1984இல் மேலாண்மைப் பேராசிரியர் எட்வர்ட் ஃப்ரீமன் எதிர்வாதம் வைத்தார். 2019 ஆகஸ்டில் அமெரிக்கப் பெருநிறுவனங்களின் தலைவர்கள் 181 பேர், தங்களுக்கு எல்லாத் தரப்பினரிடமும் பொறுப்பு உண்டு என்று ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். கையெழுத்துப் போடுவதற்கு அதிகம் செலவாகாது.

தத்துவச் சண்டையை ஒதுக்கிவிட்டு வெறும் வரவு செலவாகப் பார்த்தாலும் விடை மாறாது. ஊர் மக்கள் மறித்ததால் நின்ற திட்டம், ஒரே ஒரு சப்ளையர் முடங்கியதால் நின்ற உற்பத்தி ஆகிய இரண்டுக்கும் செலவு முதலீட்டாளரின் பணத்திலிருந்துதான் போகிறது.

எல்லாரிடமும் பேச நேரமில்லை. யாரிடமிருந்து தொடங்குவது?

மிட்செல், ஏகல், வுட் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1997இல் முன்வைத்த மூன்று அளவுகோல்கள் இன்னும் பயன்படுகின்றன: செல்வாக்கு, நியாயமான உரிமை, அவசரம். மூன்றும் உள்ளவரிடம் முதலில் போக வேண்டும் என்பது எளிதான பகுதி. அவரே உங்களைத் தேடி வந்துவிடுவார்.

சிக்கல் அடுத்த வகையினரிடம்தான். உரிமையும் இருக்கிறது, அவசரமும் இருக்கிறது, செல்வாக்கு மட்டும் இல்லாதவர்கள். கழிவுநீர் கலக்கும் வாய்க்காலில் மீன் பிடிப்பவர், ஆறு மாதமாகப் பில் தொகை வராத சிறு சப்ளையர். பட்டியல் போடும்போது இவர்களை நிறுவனங்கள் கடைசியில் வைக்கின்றன. ஒரு பத்திரிகையோ வழக்கறிஞரோ சர்வதேச அமைப்போ துணைக்கு வந்த அன்று இவர்கள் ஒரே நாளில் பட்டியலின் உச்சிக்கு வந்துவிடுகிறார்கள். அதன்பிறகு பேசப் போனால், பயந்து வந்திருக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

பட்டியலை மேலாளர்கள் மட்டும் அறையில் உட்கார்ந்து தயாரிக்க வேண்டாம். வாசல் காவலர், லாரி ஓட்டுநர், கொள்முதல் பிரிவின் எழுத்தர் ஆகியோருக்கு யார் கோபமாக இருக்கிறார்கள் என்பது முன்பே தெரிந்திருக்கும். "உள்ளூர் மக்கள்" என்று ஒரே வரியில் எழுதுவதும் பயன்படாது. வீட்டுச் சொந்தக்காரருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் கோரிக்கை வேறு. நிலம் விற்றவருக்கும் அந்த நிலத்தில் கூலி வேலை பார்த்தவருக்கும் இழப்பு வேறு.

அரசு அனுமதி கையில் இருக்கிறது. அதற்கு மேல் யாரிடம் என்ன பேச வேண்டியிருக்கிறது?

இந்தக் கேள்விக்கு இரண்டு சம்பவங்களே பதில் சொல்லும்.

வட கடலில் ஷெல் எண்ணெய் நிறுவனத்துக்கு பிரெண்ட் ஸ்பார் என்ற பெரிய மிதக்கும் எண்ணெய்த் தொட்டி இருந்தது. பயன்பாடு முடிந்த அதை ஆழ்கடலில் மூழ்கடிக்க பிரிட்டிஷ் அரசின் ஒப்புதல் கிடைத்தது. 1995 ஏப்ரல் இறுதியில் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பினர் அதன்மேல் ஏறி அமர்ந்தார்கள். ஜெர்மனியில் மக்கள் ஷெல் பெட்ரோல் நிலையங்களைப் புறக்கணித்தார்கள். ஜூன் 20 அன்று ஷெல் திட்டத்தைக் கைவிட்டது. தொட்டிக்குள் மிச்சமிருந்த எண்ணெயின் அளவை கிரீன்பீஸ் தவறாக மிகைப்படுத்தியிருந்தது. பின்னர் மன்னிப்பும் கேட்டது. அதனால் ஷெல் இழந்தது எதுவும் திரும்பவில்லை. சட்டமும் அறிவியலும் தன் பக்கம் இருக்கின்றன என்ற நம்பிக்கையில், மற்ற நாட்டு மக்களின் கருத்தை நிறுவனம் கணக்கில் எடுக்கவே இல்லை. பின்னர் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. பல தரப்பினரையும் அழைத்து, நடுநிலை அமைப்பு ஒன்றின் மூலம் பேச்சு நடத்தி, மாற்று யோசனைகளைக் கேட்டார்கள். முடிவில் அந்தத் தொட்டியின் உடற்பகுதி நார்வேயில் ஒரு துறைமுகப் படகுத்துறைக்கு அடித்தளமானது.

இரண்டாவது சம்பவம் இதைவிடக் கசப்பானது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூகன் பள்ளத்தாக்கில் 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் புழங்கியதற்குச் சான்று உள்ள பாறைக் குகைகள் இருந்தன. 2020 மே மாதம் ரியோ டின்டோ நிறுவனம் இரும்புத் தாதுச் சுரங்கத்துக்காக அவற்றை வெடிவைத்துத் தகர்த்தது. 2013இலேயே சட்டப்படி அனுமதி வாங்கியிருந்தது. அந்த நிலத்தின் மரபுரிமையாளர்களான புட்டு குன்டி குர்ரமா, பினிகுரா மக்களுடன் ஒப்பந்தமும் இருந்தது. ஆனால் சுரங்கத்தை விரிவாக்க நான்கு வழிகள் இருந்தன என்பதும், அவற்றில் மூன்று குகைகளைத் தொடாதவை என்பதும் அந்த மக்களுக்குச் சொல்லப்படவில்லை. நாடாளுமன்ற விசாரணையில் இது வெளியே வந்தது. தலைமைச் செயல் அதிகாரியும் இரண்டு மூத்த அதிகாரிகளும் பதவி இழந்தார்கள்.

ஒப்பந்தம் இருந்தது, கூட்டங்களும் நடந்தன. முடிவை மாற்றக்கூடிய அந்த ஒரு தகவல் மட்டும் மேசைக்கு வரவில்லை. மாற்று வழிகளை மறைத்துவிட்டுப் பெறும் சம்மதத்துக்கு மதிப்பில்லை.

முதல் சந்திப்பை எப்படி நடத்துவது?

அவர்கள் இடத்தில், அவர்களுக்கு வசதியான நேரத்தில், குறைந்த ஆட்களோடு. எட்டுப் பேர் கோட் அணிந்து, படக் கருவியும் புகைப்படக்காரருமாகப் போய் இறங்கினால் எதிரில் இருப்பவர் பேசமாட்டார். இரண்டு பேர் போதும். அதில் ஒருவர் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவராக இருக்க வேண்டும். "மேலிடத்தில் சொல்கிறேன்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியாதவரை அனுப்பினால், அடுத்த முறை அவர்களும் அப்படிப்பட்ட ஒருவரையே அனுப்புவார்கள்.

முதல் சந்திப்பில் திட்டத்தை விற்க வேண்டாம். எதைப் பற்றிப் பேசலாம், எது ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்பதைத் திறந்து சொல்லிவிடுங்கள். ஆலையின் இடம் முடிவாகிவிட்டது, லாரிகள் வரும் பாதையும் நேரமும் முடிவாகவில்லை என்றால் அதையே சொல்லுங்கள். இடத்தைப் பற்றியும் கருத்துக் கேட்பதுபோல நடித்தால் இரண்டாம் சந்திப்பில் குட்டு உடைந்துவிடும்.

கூட்டக் குறிப்பை மூன்று நாட்களுக்குள் அவர்கள் மொழியில் எழுதி அனுப்புங்கள். அதில் அவர்கள் சொன்ன கடுமையான வார்த்தைகளும் இருக்கட்டும். "ஆக்கபூர்வமான கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது" என்று மட்டும் எழுதப்பட்ட குறிப்பைப் படிக்கிறவர், தான் பேசியது காற்றோடு போய்விட்டது என்று புரிந்துகொள்வார். அன்று ஒரு சிறிய வாக்குக் கொடுத்திருந்தால் (ஒரு வரைபடம், ஒரு பரிசோதனை அறிக்கையின் நகல்), சொன்ன தேதியில் அது போய்ச் சேர வேண்டும். நிறுவனத்தை அவர்கள் எடைபோடுவது அதை வைத்துத்தான்.

சப்ளையரைக் கூட்டாளி என்று சொல்லிவிட்டால் விலையைக் குறைக்கச் சொல்லக் கூடாதா?

தாராளமாகச் சொல்லலாம். டொயோட்டா தன் சப்ளையர்களிடம் விலையில் கறாரானது என்று பெயரெடுத்த நிறுவனம்தான். ஆனால் அதே நிறுவனத்துக்கு 1997 பிப்ரவரி 1 அன்று என்ன நடந்தது என்று பாருங்கள்.

அன்று அதிகாலை, ஜப்பானின் கரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் ஆலை தீப்பிடித்தது. பிரேக் அழுத்தத்தைச் சீராக்கும் சிறிய வால்வு ஒன்றை டொயோட்டாவுக்கு ஏறத்தாழ முழுவதுமாக அந்த ஓர் ஆலைதான் கொடுத்துவந்தது. கையில் பெரிய இருப்பு வைக்காமல் அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கு வாங்கும் முறை என்பதால், சில நாட்களிலேயே டொயோட்டாவின் ஜப்பானிய ஆலைகள் பெரும்பாலும் நின்றுபோயின. மாதக் கணக்கில் ஆகும் என்று வெளியார் கணித்தார்கள்.

ஐசின் தன் வரைபடங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. நேரடியாகவும் மறைமுகமாகவும் சுமார் 200 நிறுவனங்கள் களத்தில் இறங்கின. அவற்றில் ஒன்று, கார் பிரேக்கோடு சம்பந்தமே இல்லாத பிரதர் என்ற தையல் இயந்திர நிறுவனம். சிறு பட்டறைகள் பொதுப் பயன்பாட்டு இயந்திரங்களில் அச்சுகளை மாற்றி மாற்றி வால்வுகளைக் கடைந்தன. என்ன விலை, காப்புரிமை யாருக்கு, நஷ்ட ஈடு எவ்வளவு என்ற பேரம் எதையும் முதலில் பேசவில்லை. அடுத்த வாரத்தில் உற்பத்தி ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆன செலவை ஐசின் பின்னர் கொடுத்தது; டொயோட்டாவும் தன் முதல்நிலை சப்ளையர்களுக்குத் தன் பங்காக ஒரு தொகை வழங்கியது.

பணம் பின்னால் வரும் என்று அவர்கள் நம்பியதற்குக் காரணம், முந்தைய ஆண்டுகளில் அப்படித்தான் வந்திருந்தது. விலைக் குறைப்பைக் கேட்ட அதே வாடிக்கையாளர், பொறியாளர்களை அனுப்பிச் செலவு எங்கே வீணாகிறது என்று காட்டியும் கொடுத்திருந்தார். பில் தொகையைத் தொண்ணூறு நாள் இழுத்தடிக்கும் நிறுவனம் ஆண்டுதோறும் சப்ளையர் விழா நடத்திக் கேடயம் கொடுக்கலாம்; தீப்பிடிக்கும் நாளில் அந்தக் கேடயத்துக்காக யாரும் ஓடிவரமாட்டார்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரே ஆலையிடம் முழுப் பொருளையும் ஒப்படைத்தது டொயோட்டா தானே இழுத்துக்கொண்ட ஆபத்து. நல்ல உறவு இருக்கிறது என்பது மாற்று ஏற்பாடு செய்யாமல் இருப்பதற்குக் காரணமாகிவிடக் கூடாது.

நம்மைக் கடுமையாக விமர்சிக்கும் அமைப்போடு கூட்டுச் சேரலாமா?

சேரலாம். பல சமயம் அதுதான் அதிகப் பலன் தருகிறது. நிபந்தனைகளை எப்படிப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

1990இல் மெக்டொனால்ட்ஸ் நிறுவனமும் என்விரான்மென்டல் டிஃபென்ஸ் ஃபண்ட் என்ற சுற்றுச்சூழல் அமைப்பும், குப்பையைக் குறைக்க ஒரு கூட்டுக் குழு அமைத்தன. அப்போது நுரை பிளாஸ்டிக் பெட்டிகளுக்காக அந்த நிறுவனம் மக்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் செய்துகொண்ட ஏற்பாட்டை இன்றும் மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். அந்த அமைப்பு நிறுவனத்திடமிருந்து ஒரு காசும் வாங்கவில்லை. தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டது. அமைப்பின் பெயரைத் தன்னிச்சையாக விளம்பரத்தில் பயன்படுத்த நிறுவனத்துக்கு உரிமை இல்லை. கருத்து ஒத்துவராவிட்டால் இறுதி அறிக்கையில் இரு தரப்பும் தனித்தனியாக எழுதலாம். முன்னேற்றம் இல்லையென்றால் யாரும் விலகலாம். குழுவில் இருந்த சூழலியலாளர்கள் ஒரு நாள் உணவகத்தில் நின்று வேலையும் செய்தார்கள். மேசையில் உட்கார்ந்து யோசிப்பவை, மதிய நேர நெரிசலில் நடக்கக்கூடியவைதானா என்று பார்க்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கக் கிளைகளில் நுரைப் பெட்டியைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. 1991இல் 42 நடவடிக்கைகள் கொண்ட திட்டம் வெளியானது. காசு வாங்காத விமர்சகர் பாராட்டியதால்தான் அதற்கு மதிப்பு இருந்தது. விமர்சகரை விலைக்கு வாங்கிவிட்டால், வாங்கிய அன்றே அவர் சான்றிதழின் மதிப்பு போய்விடும்.

தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடை கொடுக்கிறோம். அதுவும் கூட்டுறவுதானே?

காசோலை கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்வது நன்கொடை. அதில் தவறில்லை, பெயரை மாற்றாமல் இருந்தால் சரி.

நன்கொடையாகத் தொடங்கிக் கூட்டுறவாக வளர்ந்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு மெர்க். ஆற்றுக் குருட்டு நோய்க்கான மாத்திரையை வேண்டிய அளவு, வேண்டிய காலம் வரை இலவசமாகத் தருவதாக அந்த மருந்து நிறுவனம் 1987இல் அறிவித்தது. மாத்திரை இலவசமானதால் மட்டும் அது நோயாளியின் கைக்குப் போய்விடாது. சாலை இல்லாத ஊர்களுக்கு யார் கொண்டுபோவது, யாருக்கு எத்தனை மாத்திரை என்று யார் முடிவு செய்வது? உலக சுகாதார நிறுவனம், உலக வங்கி, அரசுகள், தொண்டு நிறுவனங்கள் எல்லாம் சேர வேண்டியிருந்தது. மருந்து கொடுப்பவரை ஊர்க்காரர்களே தேர்ந்தெடுத்தார்கள். எடை பார்க்கும் கருவி எங்கும் கிடைக்காது என்பதால், உயரத்தை வைத்து அளவு சொல்லும் கோடு போட்ட கம்பு ஒன்று பயன்பாட்டுக்கு வந்தது. கம்பின் பக்கத்தில் ஆளை நிறுத்தினால் எத்தனை மாத்திரை என்று தெரிந்துவிடும். 2013இல் கொலம்பியா, அடுத்த மூன்று ஆண்டுகளில் ஈக்வடார், மெக்சிகோ, குவாத்தமாலா என்று நான்கு நாடுகளை அந்நோய் அற்றவையாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

போட்டியாளர்களுடன் சேர்ந்து வேலை செய்வது சட்ட விரோதம் ஆகாதா?

விலை, விற்பனை அளவு, எந்தச் சந்தை யாருக்கு என்பவற்றைப் பேசினால் ஆகும். பெரும்பாலான நாடுகளில் அது கடுமையான சட்ட மீறல். அதனால் கூட்டத்துக்கு எழுத்தில் நிகழ்ச்சி நிரல் வேண்டும். பேச்சு விலைப் பக்கம் திரும்பினால் எதிர்ப்பைக் குறிப்பில் பதிவு செய்துவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கலிபோர்னியாவில் 1984 முதல் கூட்டாகக் கார் தயாரித்தபோது, எதைப் பகிரலாம், எதைப் பகிரக் கூடாது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் நிபந்தனை போட்டுத்தான் அனுமதித்தது.

எந்த நிறுவனமும் தனியாகத் தீர்க்க முடியாத பிரச்சினைகளில் இத்தகைய கூட்டு அவசியமாகிறது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ஆடை ஆலைகள் இயங்கிய ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். பல ஆடை நிறுவனங்கள் ஒரே ஆலைகளில் வாங்கின. ஒவ்வொருவரும் தனித்தனியே ஆய்வாளரை அனுப்பினார்கள். அந்த ஆய்வாளர்கள் கட்டடத்தின் உறுதியைச் சோதிக்கவில்லை. அடுத்த மாதமே சர்வதேசத் தொழிற்சங்கங்களோடு ஒரு பாதுகாப்பு உடன்படிக்கை உருவானது. 200க்கும் மேற்பட்ட ஆடை நிறுவனங்கள் சேர்ந்தன. நிர்வாகக் குழுவில் நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும் சம இடம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பிரதிநிதி தலைவர். கையெழுத்திட்டவரை நடுவர் மன்றத்துக்கு இழுக்க முடியும் என்ற விதிதான் இதன் முதுகெலும்பு. அதன்படி இரண்டு வழக்குகள் ஹேக் நகரின் நிரந்தர நடுவர் மன்றம் வரை போனதும் உண்டு. நிறுவனங்கள் தாமாக வெளியிட்ட நடத்தை விதிகள் அதுவரை எத்தனையோ இருந்தன. அவற்றை மீறினால் கேட்பாரில்லை.

வெளியிலிருந்து ஒரு கண்டுபிடிப்பை எடுத்துக்கொள்ளும்போது என்ன கவனிக்க வேண்டும்?

உரிமை யாருக்கு என்பதைப் பேச்சு தொடங்கும்போதே எழுத்தில் வைக்க வேண்டும். பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் பிரிங்கிள்ஸ் வறுவல்மீது எழுத்தும் படமும் அச்சிட நினைத்தபோது, அந்தத் தொழில்நுட்பத்தை உள்ளே உருவாக்க முனையாமல் வெளியே தேடியது. கேக்கின்மேல் உண்ணத்தக்க மையால் அச்சிடும் முறை, இத்தாலியின் போலோனியாவில் ஒரு பேராசிரியர் நடத்திய சிறிய பேக்கரியில் கிடைத்தது. 2004இல் பொருள் சந்தைக்கு வந்துவிட்டது. பெரிய நிறுவனங்கள் சறுக்குவது வேறிடத்தில்: சிறியவரிடம் முழு விளக்கத்தையும் கேட்டுக்கொண்டு, "எங்கள் குழுவும் இதையே யோசித்துக்கொண்டிருந்தது" என்று சொல்லிவிடுவார்கள். அப்படி ஒருமுறை நடந்தால் போதும். பிறகு நல்ல யோசனை உள்ளவர்கள் அந்த வாசலுக்கே வரமாட்டார்கள்.

புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டால் போதுமா?

தொடக்கத்துக்குப் போதும். பல நாடுகளில் அது பொதுவாகச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் வாசகத்தைப் பொறுத்துக் கட்டுப்படுத்தவும் கூடும் என்பதால் வழக்கறிஞர் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம்.

பின்னர் வரும் ஒப்பந்தத்தில் நோக்கவுரை எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நான் பார்ப்பதில்லை. யார் எதை முடிவு செய்வார், பணமும் ஆட்களும் யாருடையவை, எந்தத் தகவல் யாருக்குத் தெரியும், உருவாகும் பொருளின் உரிமை யாருக்கு, பெயரையும் சின்னத்தையும் யார் எங்கே பயன்படுத்தலாம், இரண்டு பேருக்கும் ஒத்துவராதபோது யாரிடம் போவது என்பவை தெளிவாக இருக்கின்றனவா என்றே பார்ப்பேன். கடைசியில் சொன்னதைத்தான் பலரும் "பரஸ்பரம் பேசித் தீர்க்கப்படும்" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். பேச்சே நின்றுபோன பிறகு அந்த வரியால் ஒரு பயனும் இல்லை.

ஆரம்பத்திலேயே பிரிவதைப் பற்றிப் பேசினால் மனக்கசப்பு வராதா?

வரலாம். பேசாமல் விட்டால் வருவது அதைவிடப் பெரியது.

கடைகளில் விற்கும் ஸ்டார்பக்ஸ் காபித் தூளை 1998 முதல் கிராஃப்ட் என்ற உணவுப்பொருள் நிறுவனம் விநியோகித்துவந்தது. வளர்ச்சி போதவில்லை என்று ஸ்டார்பக்ஸ் 2011இல் ஒப்பந்தத்தைக் காலத்துக்கு முன்பே முறித்துக்கொண்டது. 2013இல் நடுவர் தீர்ப்பு, ஸ்டார்பக்ஸ் சுமார் 275 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்றது. வோக்ஸ்வாகனும் சுசுகியும் 2009 டிசம்பரில் கைகோத்தன, வோக்ஸ்வாகன் 19.9 சதவீதப் பங்கு வாங்கியது. சமமான கூட்டாளி என்று சுசுகி தன்னை நினைத்தது. வோக்ஸ்வாகன் அப்படிப் பார்க்கவில்லை என்று குறைபட்டது. சுசுகி ஃபியட்டிடம் டீசல் எஞ்சின் வாங்கியதை ஒப்பந்த மீறல் என்று வோக்ஸ்வாகன் குற்றம்சாட்டியது. 2011இல் உறவு முறிந்தது. பங்குகளைத் திரும்பப் பெற நடுவர் தீர்ப்பு வரும்வரை, அதாவது 2015 வரை, இழுத்தது.

கூட்டு வணிக உறவுக்கான, சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 44001 தரநிலை 2017இல் வெளியானது. அது உறவை எட்டுக் கட்டங்களாகப் பிரிக்கிறது. எட்டாவது கட்டம் வெளியேறுதல். அதற்கான திட்டத்தைத் தொடக்கத்திலிருந்தே வைத்திருக்கச் சொல்கிறது. எத்தனை மாத முன்னறிவிப்பு, தரவு யாரிடம் திரும்பும், பாதியில் நிற்கும் வேலையை யார் முடிப்பார், பொதுவில் யார் என்ன அறிவிப்பார் என்ற நான்கையும் நல்ல மனநிலையில் இருக்கும்போதே எழுதிவிட்டால் பிரிவு கூடச் சுமுகமாக முடியும்.

கூட்டாளியின் பெயர் கெட்டால் நம் பெயரும் கெடுமா?

கெடும். லெகோ நிறுவனம் ஷெல் சின்னம் பொறித்த பொம்மைகளைப் பல பத்தாண்டுகளாக விற்றுவந்தது. ஆர்க்டிக் பகுதியில் எண்ணெய் எடுக்கும் ஷெல்லின் திட்டத்தை எதிர்த்த கிரீன்பீஸ், 2014இல் நேராக லெகோவைக் குறிவைத்தது. நடப்பு ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கமாட்டோம் என்று அந்த ஆண்டு அக்டோபரில் லெகோ அறிவித்தது.

கையெழுத்துக்கு முன் கூட்டாளி நிறுவனத்தின் உரிமையாளர்கள் யார், நிலுவை வழக்குகள், வரி, தொழிலாளர் பிரச்சினைகள் ஆகியவற்றைப் பாருங்கள். அந்தக் கூட்டாளியோடு முன்பு வேலை செய்து விலகியவரிடமும் பேசுங்கள். கூட்டாளி தானே தரும் பரிந்துரைப் பட்டியலில் உள்ளவர்கள் நல்லதைத்தான் சொல்வார்கள்.

அரசு அதிகாரிகளோடு உறவு வைக்கும்போது எல்லை எது?

தனியறையில் பேசியதைப் பொதுவில் சொல்ல முடியாது என்றால் எல்லை தாண்டியாயிற்று. அமெரிக்காவின் வெளிநாட்டு லஞ்சத் தடைச் சட்டம் 1977லிருந்தே இருக்கிறது. பிரிட்டனின் 2010 சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், நிறுவனத்துக்காக வேலை செய்யும் முகவர் லஞ்சம் கொடுத்தாலும், அதைத் தடுக்கப் போதிய ஏற்பாடு வைக்காத நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது. "அது எங்கள் ஏஜென்ட் செய்தது" என்ற பழைய சமாதானம் அங்கே எடுபடாது.

வட்டார மக்களின் புகார்களை எப்படிக் கையாள்வது?

2011இல் ஐ.நா. மனித உரிமை மன்றம் ஏற்றுக்கொண்ட வணிகமும் மனித உரிமையும் குறித்த வழிகாட்டு நெறிகளில் 31ஆவது நெறி இதற்கானது. புகார் முறை எல்லாருக்கும் எட்டக்கூடியதாக, எத்தனை நாளில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரியக்கூடியதாக, வெளிப்படையாக இருக்க வேண்டும். வந்த புகாரிலிருந்து நிறுவனம் கற்றுக்கொள்ளவும் வேண்டும் என்கிறது.

நடைமுறையில் இது ஒரு பதிவேட்டில் தொடங்குகிறது. "விடியற்காலை நாலரை மணிக்கு லாரி ஹாரன் அடிக்கிறது, குழந்தை எழுந்துவிடுகிறது" என்று ஒருவர் வந்து சொன்னால், அவர் சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும். "ஒலி மாசு தொடர்பான புகார்" என்று மாற்றி எழுதினால் நேரமும் ஹாரனும் குழந்தையும் காணாமல் போய்விடும். பிறகு டெசிபல் அளந்து "விதிக்கு உட்பட்டதே" என்று பதில் போகும். சொன்னபடி எழுதியிருந்தால், வாசல் கதவை நாலரைக்கு முன்பே திறந்து வைத்தால் ஓட்டுநர் ஹாரன் அடிக்கவே வேண்டாம் என்பது யாருக்காவது தோன்றும்.

புகார் எண்ணிக்கை பூஜ்யம் என்று அறிக்கை வந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம். பெரும்பாலும் மக்கள் உங்களிடம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள் என்று பொருள். வேறு யாரிடம் சொல்கிறார்கள் என்று தேடுங்கள்.

கூட்டுறவின் பலனை எதை வைத்து அளப்பது?

நடத்திய கூட்டங்கள், கலந்துகொண்டவர்கள், அச்சிட்ட கையேடுகள் என்று எண்ணுவது எளிது, எண்ணிப் பயனில்லை. ஆண்டு முடிவில் ஒரு தாளை எடுத்து, வெளித் தரப்பினர் சொன்னதால் நிறுவனம் மாற்றிய முடிவுகள் எவை என்று எழுதப் பாருங்கள். தாள் வெறுமையாக இருந்தால் மற்ற எண்களைப் பார்க்க வேண்டியதில்லை. அதோடு கொடுத்த வாக்குகளில் எத்தனை சொன்ன தேதியில் நிறைவேறின, பில்கள் எத்தனை நாளில் பட்டுவாடா ஆயின, புகார்கள் எத்தனை நாளில் முடிந்தன என்பவற்றையும் பாருங்கள். அளவிடும் வேலையில் எதிர்த்தரப்புக்கும் இடம் கொடுங்கள். இரண்டு பேரும் தனித்தனியே மதிப்பெண் போட்டு, வேறுபடும் இடங்களை மட்டும் பேசினால் ஒரு மணி நேரத்தில் கூட்டம் முடிந்துவிடும்.

நாங்கள் சிறிய நிறுவனம். இதற்கெல்லாம் தனித் துறை வைக்க முடியாதே?

வேண்டாம். சிறிய நிறுவனத்தில் முதலாளியே நேரில் பேசலாம். அது பெரிய நிறுவனங்களுக்குக் கிடைக்காத வசதி. ஐந்தாறு முக்கியமான உறவுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கினால் போதும். பெரிய கூட்டாளியோடு சேரும்போது மட்டும் இரண்டு விஷயங்களில் கறாராக இருங்கள். உங்கள் வருவாயில் பாதிக்கு மேல் அந்த ஒருவரிடமிருந்து வரும் நிலைக்குப் போக வேண்டாம். மற்றவரோடு தொழில் செய்யக் கூடாது என்று அவர் கேட்டால், அதற்கு ஈடாகக் குறைந்தபட்சக் கொள்முதல் உறுதியை எழுத்தில் வாங்குங்கள்.

உறவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டால்?

கூட்டுறவுகள் அதிகம் செத்துப்போவது இந்த இடத்தில்தான். கொள்கை வேறுபாட்டால் முறிபவை அவ்வளவு இல்லை. புதியவர் வருவார், பழைய வாக்குகள் எதுவும் அவருக்குத் தெரியாது, எதிர்த்தரப்பு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இரண்டு முறை அப்படி நடந்தால் மூன்றாம் முறை அவர்கள் சொல்லமாட்டார்கள்.

போகிறவர் போவதற்கு முன் புதியவரை நேரில் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்த வேண்டும். மின்னஞ்சலில் ஒரு வரி அனுப்பினால் போதாது. ஒப்படைப்புக் குறிப்பில் ஒப்பந்த நகலோடு, எழுத்தில் இல்லாத வாக்குகளும் இடம்பெறட்டும்: அறுவடைக் காலத்தில் அந்த வழியாக லாரி விடமாட்டோம் என்று வாயால் சொன்னது, பில் தாமதமானால் முந்தைய நாளே தொலைபேசியில் சொல்வதாக ஒப்புக்கொண்டது, யாரிடம் எதைப் பற்றிக் கேலியாகப் பேசக் கூடாது என்பது. புதியவர் முதல் மாதத்தில் புதிய திட்டம் எதையும் அறிவிக்காமல், அந்தப் பட்டியலில் நிலுவையில் இருப்பதை மட்டும் முடிக்கட்டும்.